படம் உள்ளேதான் இருக்கிறது

பச்சைப்பாறைத் தோட்டம், மேற்பிரிவு,
திம்புள்ள.
20.07.2008

கனகலிங்கம் மாஸ்டருக்கு,

மேற்பிரிவு மாயாண்டி சொல்ல, மருமகள் நாகலெட்சுமி எழுதுவது. எனக்கு எழுத்து தெரியாது, தேயிலை ஸ்டோரில் கொழுந்து உருட்டுகிற மெஷினோடு கிடந்து காதும் போய்விட்டது. இரண்டும் உங்களுக்குத் தெரிந்த கதைதான். போனில் நீங்கள் பேசினால் எனக்குக் கொசு கத்துகிற மாதிரி இருக்கும். அதுவும் யாழ்ப்பாணத்துக்கு லைன் கிடைத்தால்தானே. அதனால் கடிதம்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நீங்கள் பிள்ளைகளுக்கென்று கொடுத்துவிட்டுப் போன கம்பியூட்டர் பொய் சொல்கிறது. இல்லையென்றால் நீங்கள் சொன்னது பொய்.

என் பெண்சாதி ராக்காயியின் கருமாதிக்கு வந்திருந்தீர்கள். சாப்பாடு முடிந்ததும் கம்பியூட்டர் முன்னால் உட்கார்ந்து தட்டினீர்கள். பழைய சிஸ்டத்தில் வைரஸ் இருக்கிறது, பிள்ளைகள் கேம் விளையாட அதற்குள்ளேயே போகிறார்கள், அதனால் அதை மறைத்துவிட்டேன், இனிமேல் திறந்தால் நேராகப் புது சிஸ்டத்துக்குத்தான் போகும் என்றீர்கள். அப்போதே கேட்டேன், அவளுடைய படம் பழையதில்தானே இருக்கிறது என்று. பாயசக் குவளையைக் கீழே வைக்காமல் நீங்கள் சொன்ன பதில் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது: "படம் உள்ளுக்குத்தான் இருக்கு ஐயா. பழைய தட்டு புதுசுக்குள்ள ஒரு பெட்டி மாதிரித் தெரியும். ரெண்டு தரம் தட்டினால் திறக்கும்."

பெட்டி தெரிகிறது. இரண்டு தரம் என்ன, விரல் நோகிற அளவுக்குத் தட்டியாயிற்று. ஒவ்வொரு தரமும் இங்கிலீசில் எழுதிய ஒரு சின்னப் பலகைதான் வந்து நிற்கிறது. நாகலெட்சுமி எழுத்துக் கூட்டிப் பார்த்தாள். திறக்க முடியாது என்கிறதாம். ஏன் முடியாது என்பது அவளுக்கும் விளங்கவில்லை.

மகன் சுமன் ஹட்டனிலிருந்து ஒரு கடைக்காரனைக் கூட்டி வந்தான். அவன் மோட்டார் சைக்கிளில் வந்து, பிளேன்டீ குடித்து, பெட்டியை ஒரு தட்டு தட்டினான். "போமெட் அடிச்சிட்டா எல்லாம் சரியாயிரும்" என்றான். உள்ளே இருக்கிற படம் என்ன ஆகும் என்றேன். அது போய்விடும் என்றான். அதற்கப்புறம் என்ன சரியாகும் என்றேன். சுமன் என்னைப் பார்த்து முறைத்தான்.

கார்த்திகையில் ராக்காயிக்கு வருசத் திதி வருகிறது. படம் வைத்து மாலை போட்டுத்தான் சாமி கும்பிட வேண்டும். இந்த லயத்தில் வரிசையாக எல்லார் வீட்டுச் சுவரிலும் படம் தொங்குகிறது. அவளுக்கு மட்டும் இல்லை. அடையாள அட்டைக்குப் படம் பிடிக்கத் தோட்டமே இறங்கிப் போன அன்றுகூட அவள் கொழுந்து மலையை விட்டு இறங்கவில்லை. போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்பாள். நீங்கள் எடுத்த அந்த ஒன்றுதான் இருக்கிறது.

இதற்கு மேல் நான் சொன்ன இரண்டு வார்த்தையை நாகலெட்சுமி எழுத மாட்டேன் என்கிறாள்.

இப்படிக்கு,
மாயாண்டி


கோண்டாவில்,
யாழ்ப்பாணம்.
18.08.2008

அன்புள்ள மாயாண்டி ஐயாவுக்கு,

உங்கள் கடிதம் நேற்றுத்தான் கைக்குக் கிடைத்தது. யுத்தத்தில் யாழ்ப்பாணப் பாதையைப் பூட்டியபின் கடிதமெல்லாம் கப்பலில் வருகிறது. கப்பல் தன்பாட்டுக்கு வரும். உறை உடைத்து ஒட்டியிருந்தது. யாரோ முதலில் வாசித்து, நான் பொய்யன் என்பதை அறிந்துகொண்டிருப்பார்கள்.

நான் பொய் சொல்லவில்லை. படம் உள்ளேதான் இருக்கிறது. அந்தக் கம்பியூட்டரில் இரண்டு வன்தட்டுகள். ஒன்றில் விண்டோஸ், மற்றதில் நான் பிறகு போட்ட லினக்ஸ். லினக்ஸில் நின்றுகொண்டு விண்டோஸ் தட்டைத் திறக்கலாம். நான் இதைப் பலமுறை செய்திருக்கிறேன். உங்கள் வீட்டில் ஏன் மறுக்கிறது என்று இங்கிருந்து என்னால் எப்படிச் சொல்ல முடியும்? பலகையில் இருக்கிற எழுத்துகளை நாகலெட்சுமி ஒன்று விடாமல் பார்த்து எழுதி அனுப்பட்டும். விளங்காவிட்டாலும் பரவாயில்லை. திறக்க முடியாது என்ற சேதி மட்டும் எனக்குப் போதாது.

இன்னொன்று. கோபிக்க வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது மெயின் சுவிட்சை இழுத்தீர்களா? உங்கள் லயத்தில் மலைக்கு மேல் முகில் கறுத்தாலே சுவிட்சில் கை போய்விடும் என்பது எனக்குத் தெரியும். அதைக் கடைசியாகப் பாவித்தது யார்?

நான் அங்கே இருந்தால் இது ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்து வேலை. யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போவதற்குப் பாஸ் கேட்டு அரசாங்கக் கச்சேரியில் வரிசையில் நிற்கிறேன். அம்மா படுக்கையில். ஒரு முறை வரிசையின் முன்னுக்கு வந்தபோது கடுதாசி போதாது என்று திருப்பிவிட்டார்கள். மின்சாரம் நினைத்த நேரம் வருகிறது. இன்டர்நெட் கடை பூட்டு. புத்தகத்தில் பார்க்கலாம் என்றால் என் புத்தகங்களும் உங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூட அலுமாரியில் கிடக்கின்றன.

போமெட் அடிக்க விடாதீர்கள். சுமனிடம் சொல்லுங்கள், நான் கெஞ்சிக் கேட்டதாக.

உங்கள்,
க. கனகலிங்கம்


பச்சைப்பாறைத் தோட்டம், மேற்பிரிவு.
21.09.2008

மாஸ்டருக்கு,

உங்கள் கடிதத்தை நாகலெட்சுமி என் காதருகே கத்தி வாசித்தாள். சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராக்காரர்கள் சண்டை என்று நினைத்து எட்டிப் பார்த்தார்கள்.

மெயின் சுவிட்சை இழுத்தீர்களா என்று கேட்கிறீர்கள். இழுப்போம் மாஸ்டர். இடி இறங்கி வீரய்யா வீட்டு டிவி வெடித்ததை நீங்களும் பார்த்தீர்கள். ஆனால் சும்மா இழுக்க மாட்டோம். நீங்கள்தானே சொல்லிக் கொடுத்தீர்கள்? இடி கேட்டால் கம்பியூட்டரின் முன் பொத்தானை ஒரு தரம் அழுத்து, திரை கறுத்து விளக்கு அணையும், அதன்பின் மெயினை இழு, எத்தனை நாள் கழித்து வந்தாலும் விட்ட இடத்திலேயே இருக்கும் என்று. அப்படித்தான் நாகலெட்சுமி செய்வாள். எங்கள்மேல் பழி போடாதீர்கள். கடைசியாக யார் தொட்டது என்று அவளைக் கேட்டேன். ஞாபகமில்லை என்றாள். பேனாவை மூடித் திறந்தாள். எனக்கு ஞாபகம் இருக்கும், ஆனால் ராக்காயி போன அன்றைக்கு நான் வீட்டில் இல்லை, தலவாக்கலைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது ராக்காயியை ஆஸ்பத்திரிக்கு லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து நீங்கள் வந்த கருமாதி நாள்வரை கம்பியூட்டர்மேல் துணி போட்டுக் கிடந்தது.

பலகை எழுத்தை அவள் கோலம் போடுகிற மாதிரிப் பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறாள். தனித்தாளில் வைத்திருக்கிறேன்.

இனி சுமன் செய்த வேலையைக் கேளுங்கள். கம்பியூட்டரை நம்பினால் ஆகாது என்று, ஹட்டனில் கோயிலுக்குப் படம் எழுதுகிற ஒருவரைக் கூட்டி வந்தான். ஆளைச் சொல்லுங்கள், வரைந்து தருகிறேன் என்றார். நான் சொன்னேன். அவள் எந்தக் கங்காணி காலத்தில் வேலைக்குப் பேர் பதிந்தாள், எந்த மலையில் கூடை போட்டாள், கல்யாணத்துக்கு என்ன நிறச் சேலை, எந்த வருசம் அட்டை கடித்த புண் காலில் ஆறாமல் கிடந்தது, எல்லாம் சொன்னேன். அவர் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு, "ஐயா, மூக்கு எப்படிங்க? நீளமா, குட்டையா?" என்றார்.

மாஸ்டர், எனக்குத் தெரியவில்லை.

அவளோடு இத்தனை வருசம் ஒரே காம்பராவில் இருந்தவன். அறுபத்தி நாலில், காலையில் ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் துரை சொன்ன வார்த்தையை இன்றைக்கும் அப்படியே சொல்வேன். மூக்கு நீளமா குட்டையா என்று தெரியவில்லை. நல்ல மூக்கு என்றேன். அவர் வரைந்தார். வரைந்து முடித்ததைப் பார்த்தால் பழைய கணக்கப்பிள்ளையின் பெண்சாதி மாதிரி இருந்தது. அதற்கு மாலை போட்டால் ராக்காயி கனவில் வந்து என்னை ஏசுவாள். சுமனுக்கும் எனக்கும் பேச்சில்லை.

அந்தப் படம் எடுத்த அன்றைக்கு நடந்தது மட்டும் எனக்குக் கண்முன்னால் நிற்கிறது. நீங்கள் கம்பியூட்டரைக் கொண்டுவந்து பொருத்திய நாள். பிள்ளைகளுக்கு ஏதாவது காட்டலாம் என்று பள்ளிக்கூடக் கமராவைத் தூக்கிக்கொண்டு வாசல்பக்கம் நின்றீர்கள். உங்களுக்கு இடப்பக்கத்தில் நான் வயரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் இடி விழுந்தது. உள்ளேயிருந்து அவள் ஓடி வந்து மெயின் சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு, "ஏய்யா கெழவா, வயரக் கையில புடிச்சுக்கிட்டு நிக்கிற, ஒன்னைய இடி தேடுதா?" என்றாள். சொல்லி முடிக்குமுன் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் டக்கென்று எடுத்துவிட்டீர்கள். பிறகு திரையில் ஒரே ஒரு தரம் காட்டினீர்கள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அந்த அசிங்கத்தை அழித்துவிடச் சொன்னாள். அழிக்க வேண்டாம் என்று சொன்னவன் நான்.

இடி விழுந்த சத்தம் ஞாபகம் இருக்கிறது. முகம் இல்லை. இது எவ்வளவு எரிச்சலாக இருக்கிறது என்று உங்களுக்கு விளங்காது.

கடைக்காரன் தீபாவளி கழிந்து வந்து போமெட் அடிப்பதாகச் சொல்லியிருக்கிறான். பிள்ளைகளுக்குப் பரீட்சைக்குக் கம்பியூட்டர் வேண்டுமாம். நான் கம்பியூட்டர் மேசைக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்திருக்கிறேன்.

மாயாண்டி


கோண்டாவில்.
16.10.2008

அன்புள்ள ஐயா,

நாகலெட்சுமியின் கோலத்தைக் கண்டதும் எழும்பி நின்றுவிட்டேன். அம்மா என்னவோ ஏதோ என்று பயந்து கூப்பிட்டார்.

அதில் ஒரு சொல் இருக்கிறது. ஹைபர்நேட். நித்திரை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பழைய சிஸ்டம் கெட்டுப்போகவில்லை. அது தூங்குகிறது. முன் பொத்தானை அழுத்தினால் அப்படித் தூங்கும்படி வைத்தவன் நான்தான். திறந்திருந்த எல்லாவற்றையும் தட்டிலேயே எழுதி வைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். மின்சாரம் தேவையில்லை. ஒரு வருசமும் தூங்கும். யாரோ இடிக்குப் பயந்து ஒழுங்காகத் தூங்கப் போட்டிருக்கிறீர்கள். அதன் பிறகு எழுப்பவே இல்லை.

ஒருவர் நித்திரையாக இருக்கும்போது அவருடைய அறைக்குள் மற்றவர் போய்ச் சாமான்களை உருட்டக்கூடாது என்பது புதிய சிஸ்டத்தின் ஒழுங்கு. அதனால்தான் மறுக்கிறது. எழுப்பலாம் என்றால் எழுப்புகிற வழியை நான் மறைத்துவிட்டு வந்திருக்கிறேன். கருமாதி வீட்டில் அவசரத்தில் செய்தது. பழையதை ஒரு முறை திறந்து பார்த்திருந்தால் அன்றைக்கே விளங்கியிருக்கும். உங்களைச் சுவிட்ச் பற்றிக் கேட்டதற்கு நான் வெட்கப்படுகிறேன்.

வலுக்கட்டாயமாகத் திறக்கவும் ஒரு வழி உண்டு. இரண்டு வரி எழுதினால் போதும். ஆனால் அப்படிச் செய்தால் அது தூங்கும்போது கையில் வைத்திருந்ததெல்லாம் அழிந்துபோகும். அது என்னவென்று நமக்குத் தெரியாது. அதனால் அந்த வரிகளை இங்கே எழுதவில்லை. கடைக்காரர் எழுத வந்தால் கையைப் பிடியுங்கள்.

பிள்ளை நாகலெட்சுமி, இது உங்களுக்கு. கம்பியூட்டரைப் போட்டவுடனே விசைப்பலகையின் இடது மேல் மூலையில் தனியாக இருக்கிற விசையை அழுத்துங்கள். கண் இமைக்கிற நேரம்தான் கிடைக்கும். தவறினால் புதுசுக்குப் போய்விடும், மறுபடி அணைத்துத் தொடங்க வேண்டும். சரியாக அழுத்தினால் வெள்ளை எழுத்தில் ஒரு பட்டியல் வரும். கீழ்நோக்கிய அம்பு விசையால் கடைசி வரிக்குப் போய் என்டரைத் தட்டுங்கள். பழைய சிஸ்டம் எழும்பும். அதில் எதையும் கொப்பி எடுக்க வேண்டாம், வைரஸ் சிடியிலும் ஏறும். தூங்க வைக்காமல், முழுதாக அணையுங்கள். பிறகு புதுசுக்குள் வந்து பெட்டியைத் தட்டினால் திறக்கும். அங்கிருந்து படத்தைச் சிடியில் எடுங்கள்.

கார்த்திகைக்கு முன் இது உங்களிடம் வருமா என்பது கப்பல்காரருக்குத்தான் தெரியும். இதே விஷயத்தை இன்னொரு தாளில் எழுதிக் கொழும்பு போகிற ஒருவர் கையிலும் கொடுத்திருக்கிறேன். பாஸ் இன்னும் இல்லை. இவ்வளவு தூரத்தில் நின்றுகொண்டு ஒரு விசையை அழுத்தச் சொல்வதற்கு இரண்டு மாதம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கம்பியூட்டர் வேகமானது என்று படிப்பித்தவன் நான்.

க. கனகலிங்கம்


பச்சைப்பாறைத் தோட்டம், மேற்பிரிவு.
30.11.2008

மாஸ்டருக்கு,

நீங்கள் கையில் கொடுத்துவிட்ட தாள்தான் முதலில் வந்தது. தபாலில் போட்டது இன்னும் கடலில் இருக்கிறது போல.

தீபாவளி கழிந்து கடைக்காரன் வந்தான். நான் மேசை முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். காது கேட்காதவனோடு எவ்வளவு நேரம் பேசுவான்? போய்விட்டான். சுமன் என்னைப் பைத்தியம் என்றான். அது மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

உங்கள் தாள் வந்த அன்று நாகலெட்சுமி தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவில் வேலை முடிந்து வந்து முகம்கூடக் கழுவாமல் உட்கார்ந்தாள். கண் இமைக்கிற நேரம் என்று நீங்கள் எழுதியது நிசம்தான். அவள் விசையை அழுத்துவதற்குள் புதுசு வந்து நிற்கும். மறுபடி அணைப்பாள். மறுபடி அதுதான். சுமன் வாசலில் நின்று சிரித்தான். கடைசியில் அவனே பொறுக்க முடியாமல் வந்து, நான் சுவிட்சைப் போடுகிறேன், நீ விரலை விசையிலேயே வைத்துக்கொண்டு விடாமல் தட்டு என்றான். அதற்கப்புறம்தான் வெள்ளை எழுத்து வந்தது. கடைசி வரி. என்டர்.

திரை கறுப்பாகவே இருந்தது. பிறகு ஒன்றும் கேட்காமல், ஒன்றும் சொல்லாமல், ராக்காயி வந்தாள்.

நாங்கள் தேடித் திறக்கவில்லை மாஸ்டர். அவள் படம் ஏற்கெனவே திறந்துதான் இருந்தது. திரை நிறைய. சுவிட்சில் கை, வாய் நிறையச் சிரிப்பு. மூக்கு குட்டை. நுனியில் லேசாக மேலே தூக்கியிருக்கிறது. அதெப்படி மறந்தேன்?

சுமன் சுவரில் சாய்ந்துவிட்டான். நான் நாகலெட்சுமியைப் பார்த்தேன். கடைசியாக இதைத் திறந்தது யார் என்று கேட்டேன். அவள் என் காதுக்குப் பக்கத்தில் வந்து சொன்னாள்.

"மாமிதான் மாமா. ஒங்க முன்னாடி அழிக்கச் சொல்லுவாங்க. நீங்க வெளிய போனா, 'அந்தக் கருமத்த ஒரு தடவ காட்டு புள்ள'ம்பாங்க. அன்னைக்கும் பாத்துக்கிட்டு இருந்தாங்க. இடி வந்துச்சு. நான் பொத்தான அமுக்குனேன், அவங்க மெயின இழுத்தாங்க. அப்புறந்தான் நெஞ்சப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்தாங்க."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன்.

"அந்தக் கெழவன்கிட்ட சொல்லிறாத, தோட்டம் பூராவும் சொல்லிச் சிரிப்பான்னாங்க. அப்புறம், பொத்தான அமுக்குனது நான். அதாலதான் பெட்டி தெறக்கலைன்னு பயந்துட்டேன்."

அவளை நான் ஒன்றும் சொல்லவில்லை. உங்கள்மேல்தான் கோபம். அந்த இரண்டு வரியை எழுதாமல் விட்டீர்கள் பாருங்கள், அதற்காக மட்டும் பாதிக் கோபத்தை விட்டுக்கொடுக்கிறேன்.

பிறகு அணைக்க வேண்டும் என்று நாகலெட்சுமி சொன்னாள். அணைத்தால்தான் மற்றப் பக்கத்திலிருந்து திறக்கும், சிடி எடுக்கலாம் என்று. எனக்கு மனசு வரவில்லை. இப்படியே ராவு முழுக்க இருக்கட்டும் என்றேன். அந்த நேரம் பார்த்து மலைக்கு அந்தப் பக்கம் இடி உருண்டது. எனக்கே கேட்டது. எல்லார் கண்ணும் மெயின் சுவிட்சுக்குப் போனது. சுமன் கையைத் தூக்கிவிட்டான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "மொதல்ல அவ ஒழுங்கா அமத்தட்டும், நீ அப்புறமா இழு" என்றேன். நாகலெட்சுமி நீங்கள் எழுதியபடியே முழுதாக அணைத்தாள். ராக்காயி போனாள். அதற்குப் பிறகுதான் சுமன் இழுத்தான்.

விடிந்ததும் புதுசைத் திறந்து பெட்டியைத் தட்டினோம். திறந்தது. முணுமுணுக்கக்கூட இல்லை. இத்தனை மாதம் எங்களை அலைய வைத்த பெட்டி. எனக்கு அதைத் தூக்கி ஓடையில் போடலாம் போல் இருந்தது.

சுமனும் நானும் சிடியோடு ஹட்டனில் ஸ்டூடியோவுக்குப் போனோம். அங்கே இருந்தவன் பார்த்துவிட்டு, சுவிட்ச் போர்டு அசிங்கமாக இருக்கிறது, எடுத்துவிட்டுப் பின்னால் பூந்தோட்டம் வைக்கிறேன், பட்டுச்சேலையும் உடுத்தலாம் என்றான். நான் வாயைத் திறக்குமுன் சுமன் சொன்னான்: "சுவிட்ச எடுத்தீங்கன்னா எங்கம்மா எதுக்குச் சிரிக்கிறாங்கன்னு யாருக்குத் தெரியும்? அப்படியே போடுங்க." வரும்போது பஸ்சில் எனக்கு ஜன்னலோரம் விட்டுக்கொடுத்தான்.

வருசம் நேற்று முடிந்தது. படத்தை மெயின் சுவிட்சுக்கு மேலேயே மாட்டியிருக்கிறோம். இனிமேல் இடி வந்து கையைத் தூக்கினால் அவள் முகத்தைப் பார்த்துத்தான் இழுக்க வேண்டும்.

ஒரு சந்தேகம் மாஸ்டர். கிட்ட நின்று பார்த்தால் அவள் கமராவைப் பார்க்கவில்லை. கொஞ்சம் தள்ளி, உங்களுக்கு இடப்பக்கமாகப் பார்க்கிறாள். அன்றைக்கு அங்கே யார் நின்றது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. இருந்தாலும் உங்கள் கையால் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். கப்பலில் மெதுவாக வந்தாலும் பரவாயில்லை.

மாயாண்டி